ராசிக்காரியின் இடது கண்

1

நேற்று என் மகன் ஆதிக்கு விடுதலை. இனிமேல் கண்ணில் பேட்ச் ஒட்ட வேண்டாம், கண்ணாடி மட்டும் போதும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் தினமும் நடந்துவந்த சண்டை ஒன்று முடிந்தது. நான் பேட்ச்சை எடுத்துக்கொண்டு வருவேன். அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். கெஞ்சி, மிரட்டி, டைனோசர் படம் போட்டதா லாரி படம் போட்டதா என்று பேரம் பேசி, கடைசியில் ஒட்டிவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் 'ஐயோ பாவம்' என்று பார்ப்பார்கள். நான் திரும்பி முறைப்பேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்கு முறைப்பது சுலபமாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பேட்ச்களை எல்லாம் பிரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினான். என் கணவர் கேக் வாங்கிவந்தார். நான் மட்டும் என் துண்டை ஆதியின் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆதிக்கு இருந்த குறை, இன்னும் வெளிப்படையாக, நெய்வேலியில் என் அக்கா மகளுக்கு இருந்தது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது ஆகப் போகிறது. அவளுடைய இடது கண்ணில் பார்வை போய்விட்டது. அடிபட்டுப் போகவில்லை, காய்ச்சலில் போகவில்லை. எல்லோரும் அந்தக் கண்ணை ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது.

அதைத்தான் எழுதப் போகிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் மேற்குப் பக்கம். என் கணவர் சுரங்கங்களுக்கு கன்வேயர் பெல்ட் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நெய்வேலியில் மண்ணை வாரிக் கொட்டுகிற ராட்சதச் சக்கர இயந்திரங்கள் இந்த நாட்டிலிருந்து வந்தவைதான். இங்கேயும் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே அதே இயந்திரம், அதே கறுத்த பள்ளம். வந்த புதிதில் பார்த்தபோது அழுதுவிட்டேன். இப்போது செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை.

இங்கே குழந்தைகளை இன்ன வயதில் இன்ன பரிசோதனை என்று மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தவறவிட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கடிதம் வரும், குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டால்கூட. ஆதிக்கு நான்கு வயதானபோது அப்படி ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் படத்தைச் சொல்லச் சொன்னார்கள். வலது கண்ணை மூடியபோது கடகடவென்று சொன்னான். வீடு, மீன், பூ. இடது கண்ணை மூடியதும் நர்ஸின் கையைத் தட்டிவிட்டு அழுதான்.

ஆதிக்கு மாறுகண் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலது கண்ணில் மட்டும் பவர் மிக அதிகம். அந்தக் கண் அனுப்புவது கலங்கலாக இருக்கிறது என்று மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. ஒரே கண்ணை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. சோம்பல் கண் என்று நம் ஊரிலும் சொல்கிறார்கள்.

பெரிய மருத்துவமனையில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் வேறொரு தாளைக் கேட்டார்கள். அதை அனுப்பினால் முதல் தாள் எங்கே என்றார்கள். கடைசியில் தினமும் போன் செய்து அழாத குறையாகப் பேசி இடம் வாங்கினேன். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் பார்வைப் பள்ளிக்கூடம். பயத்தில் என் ஜெர்மன் தாறுமாறாகப் போய், நரைத்த தலையோடு இருந்த அந்த மூத்த மருத்துவரை நீ, உன் என்று பேசிவிட்டேன். அவர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார். ஆதியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எல்லாம் பார்த்த பிறகு, "உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

நான் விழித்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மெதுவாக விளக்கினார். நான்கு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டோம், நல்ல கண்ணைத் தினமும் பேட்ச் ஒட்டி மூடிவைத்தால் ஏழு எட்டு வயதுக்குள் அந்தக் கண்ணால் பார்க்க மூளையைப் பழக்கிவிடலாம், அதற்குப் பிறகு மூளை வளைந்து கொடுக்காது என்றார்.

அதிர்ஷ்டம் என்ற வார்த்தை எனக்கு நன்றாகவே புரிந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அக்கா மகளின் கண்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது முடிந்திருந்தது.

3

அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நானும் உமா அக்காவும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். எதிர் வீட்டில் திருநெல்வேலி, பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்த் தமிழும் கலந்து, கடைசியில் யாருடைய தமிழாகவும் இல்லாமல் போன பிளாக் எங்களுடையது. அக்கா கல்யாணம் செய்துகொண்ட ராஜவேல் மாமா மட்டும்தான் அந்த மண்ணுக்காரர். குள்ளஞ்சாவடிக்கும் வடலூருக்கும் நடுவில் அவர் ஊர். கல்யாணத்தின்போது சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தார்.

கான்ட்ராக்ட், பர்மனென்ட் என்ற இரண்டு வார்த்தைகளின் கனம் நெய்வேலியில் வாழாதவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட், ஒரே புழுதி. ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. இன்னொருவருக்குத் தன் சாப்பாட்டுத் தூக்கைத் தவிர எதுவும் கிடையாது. எப்போதாவது ஒரு லிஸ்ட் வரும். அதில் பெயர் இருந்தால் பர்மனென்ட், இல்லையென்றால் அடுத்த லிஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த லிஸ்ட், அடுத்த லிஸ்ட் என்று சொல்லிக்கொண்டே தலை நரைத்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

கனிஷ்கா பிறந்து சில மாதங்களில் அவளுடைய இடது கண் மூக்கின் பக்கம் ஒதுங்குவதைக் கவனித்தார்கள். அதே சமயத்தில் லிஸ்ட் வந்தது. மாமாவின் பெயர் இருந்தது. அவருக்கு முன்னால் சேர்ந்த பலருடைய பெயர் இல்லை. இது போதாதா? மாறுகண் யோகம் என்று நம் பக்கத்தில் சொல்வது உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று அக்கா கேட்டபோது, அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற கண்ணை யாராவது திருத்துவார்களா என்று பிளாக்கே சிரித்தது. பிறப்புச் சான்றிதழில் கனிஷ்கா என்று இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளுக்கு ராசி என்றுதான் பெயர்.

மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் மெடிக்கல் டெஸ்டுக்குப் போகிற அன்று காலையில் இவள் முகத்தில் முழித்துவிட்டுப் போனார். தேறிவிட்டார். அதிலிருந்து ஆரம்பித்தது. இன்டர்வியூ என்றாலும் சரி, பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் சரி, காலையில் முதல் வேலையாக ராசி முகத்தில் முழிக்க வந்துவிடுவார்கள். வருகிற வழியில் வேறு யார் முகமும் பட்டுவிடக் கூடாதென்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார்கள். சிலர் ஹெல்மெட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அக்கா இதை எல்லாம் போனில் பெருமையாகச் சொல்வாள். நானும் அந்தக் காலத்தில் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

4

பார்வைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அந்தக் கோடையிலேயே ஆதியைக் கூட்டிக்கொண்டு நெய்வேலிக்குப் போனேன். போன மறுநாள் விடியற்காலையில் வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் தனபால் அண்ணன் நிற்கிறார். மாமாவோடு பெல்ட் லைனில் கான்ட்ராக்டில் இருந்தவர். மாமா பர்மனென்ட் ஆகிவிட்டார், இவர் இன்னும் கான்ட்ராக்ட். தலையைக் குனிந்தபடியே, "உமாம்மா, பாப்பா எந்திரிச்சிடுச்சா?" என்றார்.

அக்கா தூக்கத்திலிருந்த கனிஷ்காவைத் தூக்கி வந்து வாசலில் நிறுத்தினாள். "கண்ணத் திற, ராசி. பெரியப்பா வந்திருக்காரு பாரு."

அவள் கண்ணைத் திறந்தாள். வலது கண் அவரைப் பார்த்தது. இடது கண் மூக்கோரம் ஒதுங்கிக் கிடந்தது. அவர் நிமிர்ந்து அந்த இடது கண்ணைத்தான் பார்த்தார். கும்பிடவில்லையே தவிர, கோயிலில் நிற்கிற மாதிரிதான் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கக் கை நீட்டி, பாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே விரலை மூடினாள். கையில் ஒன்றும் இல்லை. மறுபடி நீட்டித் தடவிப் பிடித்தாள். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர் போனதும் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், ஆதிக்கு இருக்கிற அதே கோளாறு இவளுக்கும் இருக்கிறது என்று சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு கவி. தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளியே ஊத்துறா. கவனம் இல்லன்னு ரெண்டு அடிகூட வச்சிருக்கேன்."

மாமா டூட்டிக்குப் போனதும், துணி எடுக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு கண் மருத்துவமனையில் காட்டினோம். நான் ஏற்கெனவே ஜெர்மனில் கேட்ட அத்தனையையும் அந்த டாக்டர் தமிழில் சொன்னார். கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, ஒதுங்கின கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், பிறகு ஆபரேஷன் செய்து நேராக்க வேண்டும். "ஏற்கெனவே லேட்டும்மா. ஆனா இன்னும் கொஞ்சம் டைம் இருக்கு. இனிமே ஒரு மாசம்கூட விடாதீங்க" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

மாமாவிடம் அன்று சாயங்காலமே சொன்னோம். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், மகள் தும்மினால் லீவு போடுகிறவர். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"புரியுதும்மா. செஞ்சிடலாம். நான் வாணாம்னே சொல்லல. இந்த லிஸ்ட்டு மட்டும் வந்துரட்டும்."

"லிஸ்ட்டுக்கும் கண்ணுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எனக்குத்தான் ஆயிடுச்சே. தனபால் அண்ணன் என்னவிட சீனியரு. அவுரு பேரு வரல, எம் பேரு வந்துச்சு. ஏன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது. அவுரு ஒரு வார்த்த என்னியக் கேக்கல. ஒம் பொண்ணு மொகத்துல முழிச்சிட்டுப் போறேன் ராஜவேலுன்னுதான் கேட்டுகினு இருக்காரு. அத எப்பிடி நான் இல்லன்னு சொல்றது?"

"மூடப் போறது நல்ல கண்ணத்தானே. ராசிக் கண்ணு திறந்துதான் இருக்கும்" என்றேன். அப்படிப் பேச வேண்டி வந்ததே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஒரு கண்ணு மூடின மூஞ்சில யாரும்மா முழிப்பாங்க? நீயும் இந்த ஊருல வளந்த பொண்ணுதானே. அதுவும் இல்லாம, கண்ணாடி போட்டு ஆபரேஷன் பண்ணா கண்ணு நேராயிடும்னு டாக்டரே சொல்லிட்டாருன்ற. நேராயிட்டா அவுங்களுக்கு அப்பறம் என்னா இருக்குது? எங்க கேங்குல மட்டும் எத்தினி குடும்பம் காத்துகினு கெடக்குது. பொங்கலுக்குள்ள லிஸ்ட்டு வந்துரும்னு சொல்லிகினு இருக்காங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா."

ஏமாற்றிப் பேசியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அவர் கண் கலங்கிப்போய்ப் பேசினார். தன்னைவிட மூத்தவரைத் தாண்டித் தான் மேலே வந்துவிட்ட குற்ற உணர்ச்சி அவருக்கு. அதைத் தீர்த்துக்கொள்ள அவரிடம் இருந்தது மகளின் முகம் மட்டும்தான். பொங்கல்வரைதானே என்று நானும் கொஞ்சம் அடங்கினேன். புறப்படுவதற்கு முன் வடலூரில் ஒரு கடையில் அவளுக்குக் கண்ணாடி செய்து வாங்கிக் கொடுத்தேன். ஆதிக்கென்று கொண்டுவந்த பேட்ச்களில் பாதியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

மாமா டூட்டிக்குப் போன நேரத்தில், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அவளுக்குப் பேட்ச் ஒட்ட ஆரம்பித்தாள். சில வாரங்கள் நடந்தது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், பிறகு தினசரி காலண்டரின் பெரிய எண்களைக் கிட்டத்தில் போய்ப் படித்தாள். அக்கா போனில் அதைச் சொன்னபோது நான் டிராமில் இருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அழுதுவிட்டேன். அந்தச் சில வாரங்களைத் தவிர அவள் கண்ணுக்கு நல்ல காலம் என்று எதுவும் இருந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் மாமாவின் கேங்கில் கூட வேலை பார்க்கும் ஒருவர் இன்டர்வியூவுக்குப் போகிற அவசரத்தில் வந்து கதவைத் தட்டினார். அக்கா ஏதோ நினைவில் திறந்துவிட்டாள். பேட்ச் ஒட்டின முகத்தைப் பார்த்தபடி அவர் போனார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த நாளே பிளாக் முழுக்கப் பேச்சு. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கச்சிக்காரி குழந்தை கண்ணில் என்னமோ ஒட்டிவிட்டுப் போய்விட்டாளாம், ராசியே போய்விட்டதாம். மாமா அக்காவைத் திட்டவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேட்ச் இல்லை. கண்ணாடியும் பீரோவுக்குள் போய்விட்டது.

பொங்கலுக்கு லிஸ்ட் வரவில்லை. சித்திரையில் வரும் என்றார்கள். பிறகு தேர்தல் என்றார்கள். பிறகு கோர்ட்டில் ஏதோ வழக்கு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா, "இன்னும் கொஞ்ச நாள்தான் கவி" என்பாள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு பெரியது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆதியைப் பரிசோதித்து, சுவரில் ஒரு வரி கீழே, இன்னொரு வரி கீழே என்று அவன் படிப்பதைக் கேட்டுவிட்டு வருவேன். வந்து அக்காவுக்கு போன் செய்வேன். சில நாள் எடுப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. ஒரு வழியாக அங்கேயாவது பிடிபட்டுவிடும் என்று நம்பினேன். மாறுகண்ணைப் பார்த்தும், கனிஷ்காவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எப்படி என்று அவளிடமே கேட்டேன். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார்களாம். "விரல கொஞ்சம் பிரிச்சிக்கிட்டேன் சித்தி. எல்லாம் தெரிஞ்சுது" என்றாள். தப்பாகப் படித்தால் எல்லோரும் என்ன நினைப்பார்கள், ராசி ஆயிற்றே.

ஆதிக்கு இதற்குள் தமிழ் பாதி கழன்றுவிட்டது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறான். வீடியோ காலில் அவனும் கனிஷ்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அவன் திரையில் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஏன் யாரும் பேட்ச் ஒட்டவில்லை என்று ஜெர்மனில் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் தன்னுடைய லாரிப் பேட்ச் ஒன்றைப் பிரித்து போனின் கேமராமேல் ஒட்டிவிட்டான். அந்தப் பக்கம் இருட்டாகிவிட்டது. "எங்க போயிட்டீங்க சித்தி?" என்று அவள் சிரிப்பது மட்டும் கேட்டது.

அன்றைக்கு நான் அக்காவிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். பெற்றவளா நீ என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீ விசா இன்டர்வியூக்குப் போன அன்னைக்கு என் வீட்டுலதானே படுத்திருந்த? எந்திரிச்சதும் யாரு முகத்துல முழிச்ச? இவ முகத்துலதான். உனக்குக் கிடைச்சிருச்சு. நீ போயிட்ட. உன் பையனுக்கு எல்லாம் கிடைக்குது. இங்க இருக்கவங்க மட்டும் ஆசப்படக் கூடாதா?"

உண்மைதான், அன்று அந்த வீட்டில் படுத்திருந்தேன். பக்கத்தில் தொட்டிலில் குழந்தை இருந்தது, கண் விழித்ததும் பார்த்தேன். ஒரே அறையில் படுத்தவள் வேறு யாரைப் பார்ப்பாள்? அதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் பல மாதம் பேசவில்லை.

6

லிஸ்ட் சென்ற வருடம்தான் வந்தது. தனபால் அண்ணன் பெயர் இருந்தது. இனிப்பு டப்பாவோடு வந்து, கனிஷ்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாராம். அந்த மனிதருக்காக எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கேங்கில் பாதிப் பேர் பெயர் வரவில்லை. அவர்கள் வந்து அடுத்த லிஸ்ட் என்று ஆரம்பித்தபோது மாமா முதல் தடவையாகக் கதவைத் திறக்கவில்லை. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனார்.

அந்த டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டாராம். திட்டவில்லையாம். முயற்சி செய்வோம், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்றாராம். மாமா பேட்ச் வாங்கிவந்து தானே ஒட்டினார். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காலண்டரைக் காட்டி, டம்ளரைக் காட்டி, தன் விரலைக் காட்டிச் சொல்லச் சொன்னார். முன்பு படித்த பெரிய எண்கள்கூட அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் எது, கதவு எது என்று வெளிச்சத்தை வைத்து மட்டும் சொன்னாள். பல மாதம் பார்த்துவிட்டு டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். அழகுக்கு வேண்டுமானால் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கலாம், பார்வை திரும்பாது, இருக்கிற ஒரு கண்ணை ஆயுசுக்கும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாமா எனக்கு போன் செய்தார். அவராக எனக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

"நான் பர்மனென்ட்டு ஆவறதுக்கு மெடிக்கல் எடுத்தேன்ல, ரெண்டு கண்ணும் டெஸ்ட் பண்ணாங்கம்மா. நான் தேறின டெஸ்ட்ல எம் பொண்ணு தேற மாட்டா."

சொல்ல வேண்டிய காலத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன், இப்போது சொல்லி என்ன?

"அங்க ஏதாச்சும் இருக்குமாம்மா? நீ இருக்கியே, அந்த ஊருல?"

நேற்று ஆதியின் பரிசோதனை முடிந்ததும், கனிஷ்காவின் ரிப்போர்ட்டுகளை அந்த மூத்த மருத்துவரிடம் காட்டினேன். இத்தனை வருடத்தில் கண்ணைப் பற்றிய ஜெர்மன் வார்த்தைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லாமல் மரியாதையோடு பேசினேன். அவர் பொறுமையாகப் படித்தார். குழந்தைக்கு ஆறு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களே, பிறகு ஏன் செய்யவில்லை என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தேன். இங்கேயும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, ஆதியின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கைக்குழந்தையின் கண் ஒதுங்குகிறது என்றால், அது ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே இருக்கிறது என்றால், தூக்கிக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண் நேராக இருக்கிற குழந்தையையும் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், மூடுவதை நீங்கள் மூடுங்கள், குழந்தையின் கையை நம்பாதீர்கள். எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே இந்த நாலு வரிக்காகத்தான். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன். கனிஷ்காதான் எடுத்தாள். மாமாவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தீர்மானிக்காததால், அவள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. பிரிட்ஜ் கதவில் ஆதி ஒட்டின பேட்ச்களைப் பற்றிச் சொன்னதும், காட்டச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த மாதம் கண்ணை நேராக்கும் ஆபரேஷன் என்று அவளே சொன்னாள். ஆபரேஷன் முடிந்ததும் அவளைப் பார்க்க ஆள் வருவது நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"கனி, அந்தக் கண்ணுல தெரியலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே."

"ஏன்மா யாருகிட்டயும் சொல்லல?"

அவளுக்கு நான் கேட்பது புரியவில்லை. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, விரலால் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் பாக்குறது இந்தக் கண்ணு சித்தி." விரல் இடது பக்கம் போயிற்று. "இது அவங்க வந்து பாக்குறதுக்கு."